இருபத்தெட்டாயிரம் என்று நான் சொன்ன சாட்சி

இந்தச் சபையில் நான் ஏற்கெனவே ஒரு சாட்சி சொல்லியிருக்கிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஜூலை மாதம். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். அது பொய். தெரிந்து சொல்லவில்லை, ஆனாலும் பொய்தான். அந்தப் பொய்யைக் காப்பாற்றப் போய்த்தான் என் மகள் சாகிற இடம் வரைக்கும் போனாள்.

சபைப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி பாஸ்டர் ஐயா கேட்டார். "நான் கர்த்தரத் திட்டினதையும் எழுதுவேன், உங்க சனங்களத் திட்டறதையும் எழுதுவேன். சரின்னா எழுதறேன்" என்றேன். "எழுதும்மா" என்றார். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் நான். அலங்காரமாக எழுதத் தெரியாது.

என் பெயர் எஸ்தர். மரக்காணம் உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷமாக உப்பு சுமக்கிறேன். வீட்டுக்காரர் டேவிட் அதே அளத்தில் உப்பு வாருகிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை, ஜெனிபர். ஜெனி என்றுதான் கூப்பிடுவோம்.

ஜெனி சின்ன வயசிலிருந்தே நன்றாக வரைவாள். தீப்பெட்டி, பிஸ்கட் கவர் எது கையில் கிடைத்தாலும் அதே மாதிரி வேறு ஒன்று வரைந்து, "கடைக்காரங்களோடத விட என்னோடது நல்லா இருக்குதில்ல?" என்பாள். பன்னிரண்டாவது முடித்ததும் டிசைன் படிக்கிறேன் என்றாள். நாலு வருஷப் படிப்பு. சென்னையில் ஒரு தனியார் கல்லூரி. அதன் பெயரை எழுத மாட்டேன், எழுதி என்ன ஆகப்போகிறது?

அந்தக் கல்லூரிக்காரர்கள் பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டல் ஹாலில் கூட்டம் போட்டார்கள். ஏசி, ஜூஸ் எல்லாம் உண்டு. கோட்டு போட்ட ஒரு பையன் திரையில் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினான். படத்துக்குக் கீழே "ஆறு லட்சம்" என்று பெரிய எழுத்து. எங்களிடம் படித்த பெண், வருஷத்துக்கு ஆறு லட்சம் வாங்குகிறாள் என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

டேவிட் என் காதோடு கேட்டார். "இந்த ஒரு பொண்ணு சரி. கூடப் படிச்ச மத்தவங்க எவ்ளோ வாங்கறாங்களாம்? கேளேன்."

"யோவ், வாய மூடிக்கினு உக்காரு. இங்க வந்து மானத்த வாங்காத" என்றேன்.

அந்த ஒரு கேள்வியை அன்றைக்குக் கேட்டிருந்தால் போதும். ஹாலில் முந்நூறு பேர் இருந்தோம். ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க நினைத்த ஒரு மனுஷன் வாயையும் நான் மூடினேன்.

அரசுக் கல்லூரி ஒன்றில் ஏறக்குறைய அதே படிப்பு இருந்தது. வருஷத்துக்குச் சில ஆயிரம்தான் ஃபீஸ். ஜெனியின் மார்க்குக்குக் கிடைத்திருக்கும். "கவர்மெண்ட் காலேஜ்ல படிச்சா எவன் ஆறு லட்சம் குடுப்பான்?" என்று கேட்டவள் நான்தான். சென்னைக் கல்லூரியில் வருஷத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். நாலு வருஷத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம். மொத்தமும் வங்கிக் கடன்.

வங்கியில் ஆபீசர், "படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் நீங்க கட்ட வேணாம்மா" என்றார். நான் அதை எங்கள் அளத்துக் கணக்காகப் புரிந்துகொண்டேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு குத்தகைக்காரர் எங்களுக்கு அட்வான்ஸ் கொடுப்பார். வெயில் வந்து பாத்தியில் உப்பு விளைய ஆரம்பித்ததும் வாரக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார். வட்டி கிடையாது. உடம்பு முடியாமல் படுத்தால் அந்த வாரம் பிடிக்க மாட்டார். வேலை இருந்தால்தான் பிடிப்பு. வங்கியும் அப்படித்தான் என்று நினைத்தேன். நாலு வருஷம் மழைக்காலம், அப்புறம் சம்பளம் வரும், அதில் பிடிப்பார்கள்.

ஜெனிக்கு அப்போதுதான் பதினெட்டு வயசு. அவள் பேப்பரைப் படித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, வட்டி இன்னிலேர்ந்தே ஓடும்னு போட்டிருக்குதும்மா" என்றாள்.

"உங்கம்மா வாங்காத அட்வான்ஸா? எனக்கே சொல்லித் தர்றியா? கையெழுத்துப் போடுடி."

போட்டாள். நானும் போட்டேன்.

நாலு வருஷமும் வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். வெயிலில் உப்புக் கூடை தலையில், வயிற்றில் ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, என் பொண்ணுக்கு ஆறு லட்சம்" என்று வரப்பு மேலே நடந்துகொண்டே கேட்பேன். சாட்சி எழுதுகிறவள் உண்மையை எழுத வேண்டும். நான் வேண்டினது அவளுக்காக இல்லை. அந்தத் தொகைக்காக.

படிப்பு முடிந்து இரண்டு மாதத்தில் சென்னையில் பாக்கெட், லேபிள் எல்லாம் வடிவமைக்கிற ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. ஜெனி போனில் தெளிவாகத்தான் சொன்னாள். "ஆறு மாசம் ட்ரெயினிங்மா, பதினாறாயிரம். அதுக்கப்புறம் இருபத்தெட்டு தர்றேன்னு சொல்லியிருக்காங்க." நான் அதில் எனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்கு வந்திருந்தாள். ஆராதனையில் சாட்சி நேரத்தில் எழுந்தேன். "உப்பு சுமக்கறவ பொண்ணுக்குக் கர்த்தர் மாசம் இருபத்தெட்டாயிரம் குடுத்தார்" என்றேன். நீங்கள் கை தட்டினீர்கள். அல்லேலூயா சொன்னீர்கள். ஜெனி பெண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

ஆறு மாதம் ஆனது. ஆர்டர் இல்லை என்று சொல்லிப் பதினாறிலேயே வைத்துவிட்டார்கள். அவள் எங்களிடம் சொல்லவில்லை. மாதா மாதம் எனக்கு மூவாயிரம் அனுப்பினாள். பதினாறில் விடுதிக்கு ஆறாயிரத்து ஐநூறு, எனக்கு மூவாயிரம், மீதியில் சாப்பாடும் பஸ்ஸும். நான் அந்த மூவாயிரத்தில் பீரோ வாங்கித் தெருவில் எல்லாருக்கும் காட்டினேன்.

போன வருஷம் ஜூனில் வங்கித் தவணை ஆரம்பித்தது. ஏழு லட்சத்து இருபதாயிரம் வட்டியோடு சேர்ந்து பத்து லட்சத்தைத் தொட்டிருந்தது. தவணை பதின்மூவாயிரத்து எண்ணூறு. பதினாறாயிரம் வாங்குகிறவள் பதின்மூவாயிரத்து எண்ணூறு கட்ட வேண்டும். இந்தக் கணக்கு போட காலேஜ் வேண்டாம், நான் படித்த எட்டாவதே போதும். ஆனால் போடவில்லையே.

செப்டம்பர் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, வங்கியிலிருந்து வசூலுக்கு ஆள் வந்தான். வீட்டுக்கு இல்லை. உப்பளத்துக்கு. வரப்பில் பைக்கை நிறுத்திவிட்டு, "எஸ்தர் யாரு? உங்க பொண்ணு மூணு டியூ கட்டல" என்று சத்தம் போட்டான். நாற்பது பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "ஏம்மே, இருபத்தெட்டாயிரம் வாங்கறான்னு சொன்ன?" என்று ஒருத்தி கேட்டாள். கூலியோடு கூலியாக அந்தப் பேச்சையும் அன்றைக்கு வாங்கினேன்.

அங்கேயே போனை எடுத்தேன். எல்லார் முன்னாலும் ஜெனியைத் திட்டினேன். சம்பளத்தை எவனுக்குக் கொடுக்கிறாய் என்று கேட்டேன். பெற்ற மகளை அப்படிக் கேட்டேன். "உன்னப் பெத்ததுக்குப் பதிலா நாலு மூட்ட உப்பு தூக்கியிருந்தா கூலியாவது வந்திருக்கும்டி" என்றேன். அந்தப் பக்கத்தில் போன் நின்றது.

செவ்வாய்க்கிழமை முழுக்க போட்டேன். ஸ்விட்ச் ஆப். டேவிட் சாப்பிடவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போனோம். அவள் இருந்த விடுதியில், நேற்று சாயங்காலமே பையோடு போய்விட்டாள் என்றார்கள். ஊருக்குப் போவதாகச் சொன்னாளாம். ஊருக்கு வரவில்லையே. கூட இருந்த பெண் எங்களை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"அவளுக்கு இருபத்தெட்டாயிரம் வருதேம்மா, ஏன் கட்டல?" என்று கேட்டேன்.

"இருபத்தெட்டா? பதினாறுதான் ஆன்ட்டி. அவ லேப்டாப்பக் கூட ஜூன்ல வித்துட்டுத்தான் மொத டியூ கட்டினா. உங்களுக்குத் தெரியாதா?"

இரும்புக் கட்டில். மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வெறும் கம்பி மேலே உட்கார்ந்தேன். டேவிட் வாசலில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அங்கேதான் நான் கர்த்தரைத் திட்டினேன். முட்டி போடவில்லை. கண் மூடவில்லை. "இன்னா சாமி நீ? நாலு வருஷம் பட்டினி கெடந்து கேட்டேனே, காது இல்லியா உனக்கு?" என்றேன். இன்னும் மோசமாகவும் பேசினேன், அதை பாஸ்டர் ஐயா அச்சில் போட மாட்டார். திட்டித் தீர்ந்த பிறகு வேறு ஒன்றுதான் வந்தது. "நான் கேட்ட சம்பளம் வேணாம். கடனும் அப்படியே இருக்கட்டும், சாவற வரைக்கும் சுமந்து கட்டறேன். எம்பொண்ணு உயிரோட இருந்தா போதும். அவகிட்ட ஒரு ஆள அனுப்பு. யாரா இருந்தாலும் சரி."

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று ஆகப்போகிறது. விடுதிக்காரம்மா வந்து, "பதினோரு மணிக்கு இந்தக் கட்டிலுக்கு வேற பொண்ணு வருது, கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?" என்றதால் எனக்கு நேரம் ஞாபகம் இருக்கிறது.

வேண்டி முடித்ததும் போன் அடிக்கவில்லை. அப்படி எழுதினால் இதுவும் பொய்ச் சாட்சி ஆகிவிடும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள். காலேஜ் அட்மிஷனுக்கு எடுத்த போட்டோதான் என் பர்ஸில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றரை மணிக்கு என் போன் அடித்தது. ஜெனி நம்பர். எடுத்தால் வேறு குரல்.

"யக்கா, இந்தப் பொண்ணுக்கு அம்மாவா நீ? ஒண்ணும் பயப்படாத. பத்திரமா இருக்குது. சோறு துண்ணுனு இருக்குது."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி லட்சுமி. ஈசிஆர் கடற்கரை ரோட்டில், குயிலாப்பாளையம் போகிற ரோடு பிரிகிற இடத்தில் மீன் விற்கிறவள். என்ன நடந்தது என்று ஜெனி பிறகு சொன்னாள், லட்சுமியும் சொன்னாள். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஜெனி செவ்வாய் இரவு முழுக்க பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் பஸ் ஏறி, எங்கேயோ இறங்கி, கடல் பக்கம் நடக்கப் பார்த்திருக்கிறாள். எதற்கு என்று நான் எழுத மாட்டேன். ரோட்டைத் தாண்ட நின்றவளை லட்சுமி கூப்பிட்டிருக்கிறாள்.

"பாப்பா, சும்மாத்தான நிக்கற? இத்தக் கொஞ்சம் பாத்துக்க. ரேசன் கடையில கைரேக வெச்சிட்டு ஓடியாந்துடறேன். தண்ணி தெளிச்சிக்கினே இரு, இல்லாங்காட்டி காக்கா தூக்கிக்கினு பூடும்."

"இல்லக்கா, நான் போணும்..."

"தோ வந்துட்டேன்!" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

முன்பின் தெரியாத பெண்ணிடம் ஒரு அன்னக்கூடை மீனை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஜெனியால் போக முடியவில்லை. அடுத்தவர் பொருளை ஒப்படைத்தால் அப்படியே விட்டுவிட்டுப் போகிற பிள்ளை இல்லை அவள். வெயிலில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தாள், காக்காய் விரட்டினாள். மீன் வாங்க ஆள் வந்தார்கள். விலை தெரியாது. அவர்கள் கொடுத்ததை வாங்கிப் போட்டாள். லட்சுமி கிளம்பினது எத்தனை மணிக்கு என்று நான் பிறகு கேட்டேன். பதினொரு மணி பஸ் அப்போதுதான் போனது என்றாள். நீங்கள் அதை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். நான் என் கர்த்தர் என்கிறேன்.

"தோ" என்று போனவள் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆனது. "அந்தப் பாழாப்போன மிசின்ல சர்வர் இல்லியாம்!" என்று கத்திக்கொண்டே வந்திருக்கிறாள். சர்வர் வேலை செய்யாததற்காக ஸ்தோத்திரம் சொல்கிறவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வந்தவள் காசை எண்ணிப் பார்த்தாள். "இன்னா பாப்பா, முந்நூறு ரூபா சங்கரா மீன நூத்தம்பதுக்குக் குடுத்துருக்க? படிச்ச பொண்ணா நீ?"

ஜெனி அந்த இடத்தில் உடைந்து அழுதிருக்கிறாள். லட்சுமி பயந்துவிட்டாள். "அய்யய்ய, காசு போனா மசுரே போச்சு, இதுக்கா அழுவ? இன்னா ஆச்சு சொல்லு." பிறகு எல்லாம் வெளியே வந்தது. முதலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாள். அப்புறம் போனைப் பிடுங்கி ஆன் பண்ணி, "அம்மா" என்று இருந்த நம்பருக்குப் போட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. ஜெனி லட்சுமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் மீன் செதில். கட்டிப் பிடித்து அழுவேன் என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் என் வாய் என் வாய்தானே.

"பதினாறுன்னு சொல்லியிருந்தா உன்ன வெட்டியா போட்டிருப்பேன்?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீ சபையில சொல்லிட்டியேம்மா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் ரோட்டோரத்து மண்ணில் முட்டி போட்டேன். காலையில் விடுதியில் போடாத முட்டி. கர்த்தரிடம் இல்லை, என் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இது என் சாட்சி. இதைக் கேட்டுவிட்டு நம் சபையிலேயே சிலர், "அந்த மீன்காரம்மா அவிசுவாசியாச்சே, பொட்டு வெச்சவளையா கர்த்தர் பயன்படுத்தினார்?" என்று கேட்டார்கள். யாராக இருந்தாலும் சரி என்று கேட்டவள் நான், அனுப்பினவர் அவர். நடுவில் நீங்கள் யார்? அந்த மூன்று நாளில் உங்களில் ஒருத்தரும் என் வீட்டுப் படி ஏறவில்லை. இருபத்தெட்டாயிரத்துக்குக் கை தட்டினவர்கள் மூன்று தவணை பாக்கி என்றதும் வேறு தெருவில் நடந்தீர்கள். மனசில் வைத்துக்கொள்வதைவிடச் சொல்லிவிடுவது நல்லது என்று எழுதுகிறேன். உங்களை மன்னித்துவிட்டேன். முழுசாக இன்னும் இல்லை, அதற்கும் ஜெபம் பண்ணுகிறேன்.

கடன் தீரவில்லை. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கடன்பட்ட இன்னொரு தாய் இதைப் படித்துவிட்டு ஏமாந்து போவாள். வங்கிக்கு மூன்று தடவை நடந்தோம். வருஷத்தை நீட்டிக் கொடுத்தார்கள். இப்போது தவணை மாதம் பதினோராயிரத்துச் சில்லறை. பதினைந்து வருஷம். முடியும்போது ஜெனிக்கு முப்பத்தெட்டு வயசு. ஜனவரியில் ஒரு வரன் வந்தது. காப்பி குடிக்கும்போதே, "பொண்ணு மேல லோன் இருக்குதாமே" என்று கேட்டார்கள். காப்பியோடு சரி, எழுந்து போய்விட்டார்கள்.

ஜெனி இப்போது குயிலாப்பாளையத்தில் காகித அட்டைப் பெட்டி செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்கிறாள். பதினாலாயிரம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள், அதனால் வாடகை இல்லை. அவள் எட்டாயிரம் போடுகிறாள், மீதியை நாங்கள் போடுகிறோம். பீரோவை விற்றுவிட்டேன். வீட்டில் அவள் படம் வரைவதில்லை. கேட்டால், "அப்பறம்மா" என்கிறாள். சில நாள் வேலை விட்டு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள். அப்போது நான் பேச மாட்டேன். பக்கத்தில் போய் உட்காருவேன். முன்பெல்லாம் என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. இப்போது முடிகிறது. கர்த்தர் என்னில் செய்த மாற்றம் என்று சொன்னால் இதுதான், வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

போன மாதம் எக்கியார்குப்பத்திலிருந்து ஒரு அம்மா மகளோடு ஆராதனைக்கு வந்தார்கள். அந்தப் பெண்ணும் டிசைன் படிக்க வேண்டும் என்கிறாள். ஒரு தனியார் கல்லூரியின் வழுவழு விளம்பரப் புத்தகம் கையில். "உங்க பொண்ணு படிச்சிருக்காமே, ஜெபம் பண்ணுங்க" என்றார் அந்த அம்மா. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஜெனி பேசினாள்.

"எனக்கு மாசம் பதினாலாயிரம் ஆன்ட்டி. பத்து லட்சம் கடன். என் கிளாஸ்ல நாப்பத்திரண்டு பேர். இருபத்தஞ்சுக்கு மேல வாங்கறவங்க எனக்குத் தெரிஞ்சு நாலு பேர். எல்லார் நம்பரும் தர்றேன், நீங்களே கேளுங்க."

சத்தமாகத்தான் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனியவில்லை.

அந்தச் சின்னப் பெண் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ இத்தப் படிக்கவே கூடாதாக்கா?"

"படி. நல்ல படிப்புதான். நான் படிச்சதுலயே எனக்குப் புடிச்சது அதான். நான் குடுத்த வெலதான் தப்பு. கவர்மெண்ட் காலேஜ்ல எடம் கெடைக்குமான்னு மொதல்ல பாரு."

இப்போது இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் இப்படி வருகிறார்கள். ஜெனி கடன் பேப்பரைப் படித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்கிறாள். வட்டி என்றைக்கு ஆரம்பிக்கிறது, முடிக்கும்போது எவ்வளவு, மாதம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறாள். அதற்குப் பிறகு நான் ஜெபம் பண்ணுகிறேன். கணக்குப் பார்க்கிறது அவிசுவாசம் என்று எவராவது சொன்னால் அவர்களை என்னிடம் அனுப்புங்கள்.

கடனில் மாட்டிக்கொண்டு வீட்டில் சொல்ல முடியாமல் இதைப் படிக்கிற பிள்ளை எவளாவது, எவனாவது இருந்தால், உன் அம்மா என்னைப் போலக் கத்துவாள். கத்தட்டும். நீ சொல்லிவிடு. அவளிடம் முடியாவிட்டால் யாரிடமாவது சொல். எங்களிடம் வந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானும் ஜெனியும் பின்பக்கக் கடைசி பெஞ்சில்தான் இருப்போம். ஃபாரம் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒன்றும் இல்லாமல் அழ வேண்டும் என்றாலும் வாருங்கள். அவசரம் இல்லை, எங்கள் ஊருக்குப் பஸ் இரண்டு மணிக்குத்தான்.